விட்ட இடத்துக்குத் திரும்புவது எப்படி? பேச்சு தடம் மாறும்போது ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவை

சொல்ல வந்தது ஒன்று, பேச்சு போய் நின்ற இடம் வேறொன்று. தமிழில் இப்படி ஆனால் யாரும் கலங்குவதில்லை. "அது கிடக்கட்டும், விட்ட இடத்துக்கு வருவோம்" என்று ஒரே மூச்சில் திரும்பிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த ஒரு வரி கைவசம் இல்லாதவர்கள்தான் திணறுகிறார்கள். புதுச்சேரி விடுதி வரவேற்பு மேசையில் நிற்பவர், வெள்ளை நகரத்தைச் சுற்றிக் காட்டுபவர், கடலூர் சிப்காட்டில் நேர்காணலுக்குப் போகும் பொறியியல் பட்டதாரி என்று எவரானாலும், பேச்சு விலகிவிட்டது தெரிந்ததும் சட்டென்று நிறுத்திவிடுவார் அல்லது மூன்று முறை "சாரி" சொல்வார். இரண்டுமே கேட்பவருக்கு உதவாது.

பேச்சு விலகுவது தப்பில்லை, எல்லா மொழிக்காரர்களும் விலகித்தான் பேசுகிறார்கள். விலகியதைக் கேட்பவருக்குத் தெரிவிக்காமல் போவதும், திரும்பி வராமல் விடுவதும்தான் சிக்கல். அதனால் இந்த வழிகாட்டியில் விலகுவதற்கான சொற்களைவிடத் திரும்புவதற்கான சொற்களுக்கு அதிக இடம்.

படி 1: எந்த வகை விலகல் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

"பேச்சு மாறிப்போச்சு" என்ற ஒன்றையே நாம் எல்லாவற்றுக்கும் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பிரிக்கிறது. விலகியது யார்? தெரிந்தா, தெரியாமலா? தானாக விலகினாரா, வேறு ஏதாவது வந்து இழுத்ததா?

"டைக்ரெஸ்" என்பது தானே விலகிப் போவது. "விலகி அடியெடுத்து வைப்பது" என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாம் அசையில். நடுவில் வரும் "க", தங்கம் என்பதில் வரும் "க" போல ஒலிக்க வேண்டும். பெரும்பாலும் தன்னைப் பற்றித்தான் சொல்வார்கள்: "பட் ஐ டைக்ரெஸ்." சற்றே ஏட்டு வாசனை உள்ள சொல். மேடையிலும் எழுத்திலும் பொருந்தும், டீக்கடைப் பேச்சில் கொஞ்சம் விறைப்பாக ஒலிக்கும்.

"கோ ஆஃப் ஆன் எ டேன்ஜன்ட்" அன்றாடப் பேச்சில் நிறையக் கேட்கலாம். டேன்ஜன்ட் என்றால் வடிவியலில் நாம் படித்த தொடுகோடு. வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தொட்டுவிட்டு, நேர்கோடாக எங்கேயோ போய்விடும். பொருளைப் பிடிக்க அந்தப் படமே போதும். எடுத்த விஷயத்தை ஒரு புள்ளியில் தொட்ட ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போய்விடுவது. முந்திரி விலையைப் பற்றிப் பேசுகையில் பண்ருட்டி என்ற பெயர் வருகிறது, உடனே பலாப்பழத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினால் அது டேன்ஜன்ட். முந்திரி விலையிலிருந்து எந்தத் தொடர்பும் இல்லாமல் கிரிக்கெட்டுக்குத் தாவினால் அது டேன்ஜன்ட் இல்லை, "சேஞ்ச் த சப்ஜெக்ட்". தொட்ட புள்ளி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அமெரிக்கர்கள் "ஆஃப் ஆன் எ டேன்ஜன்ட்" என்பார்கள், பிரிட்டிஷார் "ஆஃப் அட் எ டேன்ஜன்ட்" என்பார்கள். எது வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

"கெட் சைட்ட்ராக்ட்" என்பது வேறு ஏதோ ஒன்று நம்மை இழுத்துக்கொண்டு போவது. இது ரயில்வேயிலிருந்து வந்த சொல். விழுப்புரம் சந்திப்பில் பிரதானத் தடத்தில் ஒரு வண்டிக்கு வழிவிட இன்னொன்றைப் பக்கத்துத் தடத்தில் ஒதுக்கி நிறுத்துவார்களே, அந்தப் பக்கத் தடம்தான் சைட்ட்ராக். வண்டி தானாக அங்கே போவதில்லை, யாரோ திருப்பிவிடுகிறார்கள். இந்தத் தொடர் செயப்பாட்டுவினையில் வருவதற்குக் காரணமும் அதுதான்: "சாரி, ஐ காட் சைட்ட்ராக்ட்." பேச்சுக்கு மட்டுமல்ல, வேலைக்கும் சொல்லலாம். அறிக்கை எழுத உட்கார்ந்தவர் போன் அழைப்புகளில் மாட்டி மாலை வரை எழுதவில்லை என்றாலும் இதே தொடர்தான்.

"ராம்பிள்" என்றால் ஒரு திசையும் இல்லாமல் வளவளவென்று பேசிக்கொண்டே போவது. "சாரி, ஐ அம் ராம்ப்ளிங்" என்று தன்னைச் சொல்லிக்கொண்டால் அடக்கம். "யூ ஆர் ராம்ப்ளிங்" என்று அடுத்தவரைச் சொன்னால், முகத்துக்கு நேரே "சும்மா வளவளக்காதே" என்றதற்குச் சமம். மேலதிகாரியிடமோ வாடிக்கையாளரிடமோ வாயைத் திறந்து சொல்லக் கூடாத வாக்கியம்.

இனி, விலகலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இரண்டு.

"பீட் அரௌண்ட் த புஷ்" விலகல் அல்ல, சுற்றி வளைப்பது. பறவை வேட்டையில் புதரைச் சுற்றித் தட்டிக்கொண்டிருப்பதிலிருந்து வந்தது. வாடகையை ஏற்றப்போகிறேன் என்பதைச் சொல்லத் தயங்கி, மழை, மின்கட்டணம், பிள்ளைகளின் படிப்பு என்று பேசிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் செய்வது இது. விஷயம் அவர் மனதில் இருக்கிறது, சொல்லத்தான் மனம் வரவில்லை. டைக்ரெஸ் செய்பவருக்கோ விஷயமே மறந்திருக்கலாம். ஆகவே ஒருவர் தெரியாமல் வேறு பேச்சுக்குப் போயிருக்கையில் இதைச் சொன்னால், "நீ எதையோ மறைக்கிறாய்" என்று குற்றம் சாட்டியதாகிவிடும்.

"ரெட் ஹெரிங்" என்பது கேட்பவரைத் தவறான பக்கம் திருப்பும் பொய்த்தடம். ஹெரிங் என்பது ஐரோப்பியக் கடல் மீன். உப்பிட்டு நன்றாகப் புகையேற்றினால் செம்பழுப்பாகி நாற்றமெடுக்கும். கடலூர் துறைமுகத்தில் கருவாடு காயும் பக்கம் நடந்தவர்களுக்கு அந்த நெடியின் வலிமையைச் சொல்லத் தேவையில்லை. அதைக் காட்டி வேட்டை நாய்களைத் தடம் மாற்றிய கதையை வில்லியம் காபெட் என்ற ஆங்கிலேய இதழாளர் 1807-இல் எழுதினார். இந்தப் பொருள் பரவியது அதன் பிறகுதான். சாதாரணப் பேச்சு விலகலுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். வாதத்திலும் துப்பறியும் கதையிலும்தான் இதற்கு வேலை.

படி 2: சின்னச் சொற்களைச் சரிபாருங்கள்

தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது, ஆங்கிலத்தில் தனியாக நிற்கிறது. அதனால்தான் நம் பிழைகள் பெரும்பாலும் பெரிய சொல்லில் வராமல் அதன் முன்னால் நிற்கும் சின்னச் சொல்லில் வருகின்றன.

"ஐ வென்ட் ஆன் எ டேன்ஜன்ட்" என்று "ஆஃப்" இல்லாமல் சொல்வது அடிக்கடி காதில் விழுகிறது. விலகலைக் காட்டுவதே அந்த "ஆஃப்"தான். அதை விட்டால் வாக்கியம் நொண்டும்.

"தட் இஸ் பிசைட் த பாயிண்ட்" என்றால் "அது இங்கே சம்பந்தமில்லாதது". இதில் கடைசியில் "ஸ்" கிடையாது. "பிசைட்ஸ்" என்றால் "அதோடு கூட" என்று பொருள் மாறிவிடும். பக்கத்தில் கிடக்கிறது, இலக்கில் படவில்லை என்பதுதான் இங்கே படம்.

"வீ ஹேவ் காட்டன் ஆஃப் ட்ராக்" என்று சொல்லும்போது ட்ராக்குக்கு முன்னால் "த" வேண்டாம். "ஆஃப் டாபிக்" என்பதற்கும் அப்படியே. "தட்ஸ் எ பிட் ஆஃப் டாபிக்" என்பது சரியான வாக்கியம்.

"டோன்ட் டைவர்ட் த டாபிக்" நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டவர் காதுக்கு விநோதமாக இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேலை நடந்தால் வண்டிகளை மாற்று வழியில் விடுவார்களே, அதற்குத்தான் டைவர்ட். பேச்சுக்கு "டோன்ட் சேஞ்ச் த சப்ஜெக்ட்".

"சொல்ல வந்ததை மறந்துட்டேன்" என்பதற்கு "ஐ லாஸ்ட் மை ட்ரெயின் ஆஃப் தாட்". இதில் "மிஸ்ட்" போட்டுவிடுகிறார்கள் பலர். "மிஸ்ட் மை ட்ரெயின்" என்றால் ரயிலைத் தவறவிட்டீர்கள் என்று அர்த்தம். இந்த ட்ரெயின் ரயில் வண்டியே அல்ல, ஒன்றன் பின் ஒன்றாக வரும் தொடர். இருப்புப்பாதை ரயில் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் முன்னால், 1651-இலேயே, ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் எண்ணங்களின் தொடரைக் குறிக்க இச்சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். "சிந்தனைத் தொடர் அறுந்துபோச்சு" என்று மனதில் வைத்துக்கொண்டால் "லாஸ்ட்" தானாக வாயில் வரும்.

படி 3: விலகுமுன் கை காட்டுங்கள்

பைக்கில் திரும்புகிறவர் இண்டிகேட்டர் போடுவதுபோல, பேச்சு திரும்பும் இடத்தில் ஒரு சொல் வேண்டும். தமிழில் "அப்புறம்" ஒன்றையே எல்லாத் திருப்பத்துக்கும் வைத்திருக்கிறோம். அதை அப்படியே "தென்" என்று பெயர்த்தால் கேட்பவர், கதையின் அடுத்த நிகழ்ச்சி வருகிறது என்று நினைத்துக்கொள்வார்.

வேண்டியவை மூன்றுதான். முதலாவது "ஸ்பீக்கிங் ஆஃப்". சொன்ன சொல் ஒன்றையே பிடித்துத் தாவும்போது இது. இரண்டாவது "தட் ரிமைண்ட்ஸ் மீ", அதாவது "சொன்னதும் ஞாபகம் வருது". தொடர்பு உங்கள் மனதில் மட்டும் இருந்தாலும் போதும். மூன்றாவது "பை த வே". தொடர்பே இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தின் முன் நிற்கும் சுற்றுலா வழிகாட்டியை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாகக் கட்டியது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் என்றதும் ஆயி என்ற பெண் குளம் வெட்டிய பழங்கதைக்குப் போக வேண்டும். இங்கே "ஸ்பீக்கிங் ஆஃப் வாட்டர்" என்று தொடங்கினால் கச்சிதம். கதைக்கு நடுவில், காலையில் அந்தப் பயணி தொப்பியை வண்டியிலேயே விட்டது நினைவுக்கு வந்தால் "தட் ரிமைண்ட்ஸ் மீ". சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று கேட்க வேண்டுமானால் "பை த வே". இந்த மூன்றையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். "ஸ்பீக்கிங் ஆஃப் வாட்டர், யூ லெஃப்ட் யுவர் ஹேட்" என்றால் கேட்பவர் ஒரு நொடி விழிப்பார்.

"பை த வே"யில் ஓர் எச்சரிக்கை. இது சின்ன விஷயம் என்ற சாயலை அது கூடவே கொண்டுவரும். விடுதியில் "பை த வே, த பாலன்ஸ் இஸ் டியூ டுடே" என்று சொன்னால், பணம் கட்டுவது அவ்வளவு முக்கியமில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. காசு, தேதி, மருந்து ஆகிய மூன்றையும் இதன் பின்னால் வைக்காதீர்கள்.

படி 4: திரும்பி வாருங்கள்

இங்கேதான் அதிகப் பயிற்சி வேண்டும். திரும்புவதற்கு மூன்று அசைவுகள்: விலகலை மூடுவது, பாலம் போடுவது, பழைய விஷயத்தின் பெயரைச் சொல்லி இறங்குவது. பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

மூடுவதற்கு "எனிவே". அதற்கு முன்னால் ஒரு சிறு நிறுத்தமும், குரல் கீழே இறங்குவதும் வேண்டும். தமிழின் "அது இருக்கட்டும்" சரியாக இதன் இடத்தில் உட்காரும். "எனிவேஸ்" நண்பர்களோடு சரி, நேர்காணலில் வேண்டாம். பாலத்துக்கு "டு கெட் பேக் டு" அல்லது "கோயிங் பேக் டு". இறங்குவதற்கு, கேட்டவர் பயன்படுத்திய அதே சொல்.

நேர்காணலில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் பற்றிக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை இரும்புக்கு மேல்பூச்சாகச் சோதித்ததைச் சொல்லத் தொடங்கிய மாணவர், ஓடு எங்கிருந்து கிடைத்தது என்பதில் பண்ருட்டிப் பக்கம் போகிறார். அங்கிருந்து 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயல், சாய்ந்த முந்திரி மரங்கள் என்று பேச்சு நீள்கிறது. கேட்பவர்கள் ஆர்வமாகத்தான் கேட்கிறார்கள், ஆனால் கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. இப்போது சொல்ல வேண்டியது இதுதான்: "எனிவே, தட்ஸ் எ பிட் ஆஃப் எ டைக்ரெஷன். டு கெட் பேக் டு த ப்ராஜெக்ட், வீ டெஸ்டட் த ஆயில் ஆன் ஸ்டீல் ப்ளேட்ஸ்." இரண்டு வாக்கியம், ஐந்து நொடி. "சாரி" ஒன்றுகூட இல்லை, தேவையும் இல்லை. தான் எங்கே போனோம், எங்கே திரும்பினோம் என்று தெரிந்து பேசுகிறவர் என்ற நம்பிக்கையை இந்த இரண்டு வாக்கியம் தரும்.

எங்கே விட்டோம் என்பதே மறந்துவிட்டால் "வேர் வாஸ் ஐ?" என்று கேளுங்கள். "வேர் ஐ வாஸ்?" தவறு, கேள்வியில் "வாஸ்" முன்னால் வர வேண்டும். இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள் ஓயாமல் கேட்பது. கேட்டுவிட்டு இரண்டு நொடி பொறுத்தால், எதிரில் இருப்பவரே எடுத்துக் கொடுப்பார்.

"ஆஸ் ஐ வாஸ் சேயிங்" கொஞ்சம் கூர்மையானது. நீங்களே விலகித் திரும்பும்போது சொன்னால் ஒன்றுமில்லை. வேறொருவர் குறுக்கே பேசி முடித்ததும் சொன்னால், "நான் பேசிட்டிருந்தேன் இல்ல?" என்ற கோபம் அதில் தொனிக்கும். "எனிவே"க்கும் இதே பொறி உண்டு. உங்கள் விலகலுக்குப் பின் சொன்னால் இயல்பு. அடுத்தவர் மனம்விட்டு ஏதோ சொல்லி முடித்த கையோடு சொன்னால், "நீ சொன்னது கிடக்கட்டும்" என்று தள்ளிவிட்டதாகும். முதலில் அவர் சொன்னதற்கு ஒரு பதில், பிறகுதான் "எனிவே".

நீண்டுபோன கதையைச் சுருக்க "டு கட் எ லாங் ஸ்டோரி ஷார்ட்". அமெரிக்கர்கள் "கட்"டுக்குப் பதில் "மேக்" போடுவார்கள். ஐந்து நிமிடம் பேசிய பிறகு இதைச் சொல்லி மேலும் ஐந்து நிமிடம் பேசக் கூடாது. இதற்குப் பின் அதிகம் போனால் இரண்டு வாக்கியம்.

பிரெஞ்சு படிக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த இடத்தில் "ரெவெனோன் ஸா நோ மூத்தோன்" நினைவுக்கு வரும். "நம் ஆடுகளுக்குத் திரும்புவோம்" என்று நேர்ப்பொருள். 15-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கேலி நாடகம் ஒன்றில், ஆட்டு வழக்குக்காக வந்த துணி வியாபாரி துணி விவகாரத்தையும் சேர்த்துக் குழப்ப, நீதிபதி அவரை ஆடுகளுக்கே திரும்பச் சொல்கிறார். பிரெஞ்சில் இன்றும் உயிரோடு இருக்கும் தொடர். அதை ஆங்கிலமாக்கி "லெட்ஸ் ரிட்டர்ன் டு அவர் மட்டன்ஸ்" என்று சொன்னவர்களும் உண்டு, ஆனால் அது வழக்கொழிந்துவிட்டது. நம் ஊரில் சொன்னால் பிரியாணிக்குக் கூப்பிடுவதாகவே நினைப்பார்கள். "பேக் டு த பாயிண்ட்" போதும்.

படி 5: அடுத்தவர் பேச்சைத் திருப்புவது

"விஷயத்துக்கு வாங்க" என்பதை நாம் "வாங்க" சேர்த்து மரியாதையாக்கிவிடுகிறோம். "கம் டு த பாயிண்ட்" என்பதில் அந்த "ங்க" இல்லை. "கெட் டு த பாயிண்ட்", "கட் டு த சேஸ்" இரண்டும் அதே ரகம். பெரியவர்களிடம் "ப்ளீஸ்" சேர்த்தாலும் கட்டளைதான்.

மரியாதை "வீ" என்ற சொல்லில் இருக்கிறது. இது "நாங்கள்" அல்ல, "நாம்". விலகியது அவர் ஒருவரே என்றாலும் இருவரும் சேர்ந்து விலகியதாகப் பழியைப் பங்குபோட்டுக்கொள்கிறீர்கள்: "ஐ திங்க் வீ ஹேவ் காட்டன் எ பிட் ஆஃப் ட்ராக்." "எ பிட்" இருந்தால் இன்னும் மெல்லும். அதன்பின் கட்டளைக்குப் பதில் கேள்வி: "குட் வீ கோ பேக் டு த டெலிவரி டேட், சார்?"

அலுவலகக் கூட்டத்தில் அவர் எழுப்பியது நல்ல விஷயம், ஆனால் இப்போதைக்கு நேரமில்லை என்றால் "லெட்ஸ் பார்க் தட் ஃபார் நௌ" என்பார்கள். ஓரமாக நிறுத்தி வைப்போம் என்று பொருள். நிறுத்தியதைக் குறித்துக்கொண்டு, கூட்டம் முடியுமுன் "கேன் வீ கம் பேக் டு வாட் யூ ரெய்ஸ்ட் எர்லியர்?" என்று நீங்களே எடுங்கள். இரண்டு முறை எடுக்காமல் விட்டால், மூன்றாவது முறை உங்கள் "பார்க்"கை யாரும் நம்ப மாட்டார்கள்.

எழுத்தில்

மின்னஞ்சலில் "எனிவே", "வேர் வாஸ் ஐ" எல்லாம் வேண்டாம். பேச்சில் விலகியதை அழிக்க முடியாது, எழுத்தில் முடியும். அழியுங்கள். அழிக்க மனமில்லாத ஒரு தகவல் இருந்தால் கடைசிப் பத்தியில் "ஆன் எ செபரேட் நோட்" என்று தொடங்கி எழுதுங்கள். கட்டுரையில் "பை த வே"க்குப் பதிலாக "இன்சிடென்ட்டலி" ஒரு முறை வரலாம்.

பயிற்சி

துணைக்கு ஒருவரும், போனில் ஒலிப்பதிவும் போதும். தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு ஐஈஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியே நல்ல அளவுகோல்: ஒரு நிமிடத் தயாரிப்பு, இரண்டு நிமிடம் வரை பேச்சு. மதிப்பிடும் நான்கு கூறுகளில் ஒன்று, தடையில்லாமலும் கோவையாகவும் பேசுவது. அதற்குத்தான் இந்தத் தொடர்கள் கைகொடுக்கும்.

ஒரு தலைப்பை எடுத்துப் பேசத் தொடங்குங்கள். முக்கால் நிமிடம் போனதும் துணைவர் ஒரு சொல்லைப் போடட்டும்: "சில்வர் பீச்", "மழை", "அத்தை வீட்டுக் கல்யாணம்". நீங்கள் அதற்குப் பொருத்தமான கைகாட்டிச் சொல்லோடு விலகி, இருபது நொடிக்கு மிகாமல் பேசி, மூடி, பாலம் போட்டு, தலைப்பின் பெயரைச் சொல்லி இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று சுற்று. முதல் சில நாள் "எனிவே" மட்டும் வந்து, அடுத்த வாக்கியம் வராமல் நிற்கும். அது பாலத்துச் சொல் பழகாததால் வருவது. "டு கெட் பேக் டு" என்பதைத் தனியாக இருபது முறை, ஒவ்வொரு முறையும் வேறொரு பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

பதிவைக் கேட்கும்போது இரண்டை மட்டும் எண்ணுங்கள்: எத்தனை "சாரி", எத்தனை முறை தலைப்பின் பெயரைச் சொல்லி இறங்கினீர்கள். புதுச்சேரியில் இருப்பவர்கள் மாலையில் வண்டிகளை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே செய்யலாம். நடக்கும்போது கண்ணில் படுவதெல்லாம் பேச்சை இழுக்கும், இந்தப் பயிற்சிக்கு அதுவே தோது.